வௌவால் எச்சம் தேடிப் போன கதை

பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில் மந்திர விதிகளை மாற்றிப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்றீர்கள். மாற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம்; 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நடத்துபவன் நான். அதில் ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு முதல் நிலை மந்திரம் நான்கு, இரண்டாம் நிலை மூன்று, மூன்றாம் நிலை இரண்டு. இந்த ரேஷன் கடைக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் நடத்துபவருக்கான வழிகாட்டியில் மாற்று விதி ஒன்று உண்டு: மொத்தமாக 27 புள்ளிகள், மூன்றாம் நிலை மந்திரத்துக்கு விலை 5. அதை எடுத்துக்கொண்டேன். இருபத்தேழை ஐந்தால் வகுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மந்திரவாதியாக ஆடிய நண்பருக்குத் தோன்றிவிட்டது.

பாலத்தில் ஹாப்காப்ளின் என்ற அரக்கர்களின் படை. இரண்டு மணி நேரம் ஓடும் என்று வரைபடமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். அவர் தாளில் 27 என்று எழுதினார். அடித்துவிட்டு 22, பிறகு 17, பிறகு 12. மூன்றாம் நிலை மந்திரமான தீக்கோளம், மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பகடை. விலகிப் பாதி அடி வாங்கினாலும் சராசரி 14, ஹாப்காப்ளினின் உயிர்ப்புள்ளியோ 11. போர்வீரனாக ஆடியவர் பகடையை உள்ளங்கையில் உருட்டியபடியே உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட வீசவில்லை.

புள்ளிகளைக் குறைத்தால் சண்டை வரும். அதனால் வேறிடத்தில் கை வைத்தேன். தீக்கோளத்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் சேர்த்துப் பிடித்த சிறு உருண்டை வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. மந்திரப் பொருள்களுக்கான பொருட்பை ஒன்று இடுப்பில் இருந்தால் போதும் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. இனி உருண்டைகளை எண்ணுவோம் என்றேன். மறு வாரமே குகைக்குப் புறப்பட்டார்கள்.

உள்ளே வௌவால் கூட்டம் மேலே விழுந்தது. மந்திரவாதியிடம் மிச்சம் ஒரே உருண்டை. அதை வீசினால் தரையில் காய்ந்து கிடக்கும் எச்சமும் சேர்ந்து எரியும். வந்த காரியமே சாம்பல். அவர் விழித்துக்கொண்டு நிற்க, போர்வீரன் கேடயத்தோடு முன்னால் போனார். கடைசியில் பதினான்கு உருண்டைக்குத் தேறியது. ஏழு என் பையில் இருக்கட்டும் என்றார் போர்வீரன், சிரிக்காமல்.

*

(இன்னொருவரின் பதில்) மேலே எழுதியவரைப் போல நான் புள்ளியைத் தொடவில்லை, ஓய்வைத் தொட்டேன். அதே வழிகாட்டியின் மாற்று விதிப்படி குறு ஓய்வு 8 மணி நேரம், செலவான மந்திரங்களை மீட்டுத் தரும் நெடு ஓய்வு 7 நாள். மந்திரம் அரிதானது உண்மைதான். ஆனால் மந்திரவாதியின் உடலைக் காக்கும் மாயக் கவசம் என்ற மந்திரம் எட்டு மணி நேரம்தான் நிற்கும். முன்பு காலையில் ஒருமுறை போட்டால் அன்றைய சண்டைகளுக்குப் போதும். இப்போது ஒரு வாரத்தில் ஒரு பொழுதுக்கு மட்டும். எங்கள் மந்திரவாதி தோல் கவசம் வாங்கக் கடைக்கே போய்விட்டார். பயிற்சியில்லாமல் அணிந்தால் மந்திரமே சொல்ல முடியாது என்று நினைவூட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தபின் அந்த ஒரு மந்திரத்துக்கு மட்டும் ஆயுளை ஒரு வாரமாக நீட்டிவிட்டேன்.