கிருஷ்ணகிரி அணை நீர் திடீரென்று வெளிறியிருக்கிறது: செயற்கைக்கோள் சென்சார் கெட்டுவிட்டதா? (அவசரம்)

மாந்தோப்பு_24:
வணக்கம். கிருஷ்ணகிரி அணையையும் அருகிலுள்ள மாந்தோப்புகளையும் இரண்டு ஆண்டுப் படங்களில் ஒப்பிட்டேன். அணை நீரின் அகச்சிவப்பு எதிரொளிப்பு (விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கு) 0.02இலிருந்து 0.12ஆக ஏறியிருக்கிறது, தோப்பின் பசுமைக் குறியீடோ (NDVI) 0.76இலிருந்து 0.50ஆக இறங்கியிருக்கிறது. அது எங்கள் சொந்தத் தோப்பு. ஒரு மரம்கூடப் பட்டுப்போகவில்லை. விண்ணில் சுற்றும் சென்சாரின் அளவுத்திருத்தம் தவறிவிட்டதா? நாளை மறுநாள் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

ஓசூர்க்காரன்:
எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதிகள் என்று எதையும் சொல்லவில்லையே! கெலவரப்பள்ளியில் தென்பெண்ணை நுரை பொங்கிய நாளாக இருக்கலாம்.

காவேரிப்பட்டினத்தான்:
கெலவரப்பள்ளி நுரை கிருஷ்ணகிரி அணை முழுவதையும் மூடாது. தோப்பின் குறியீட்டையும் குறைக்காது. என் சந்தேகம் அளவுத்திருத்தத் தகட்டின்மீதுதான். சூரிய ஒளியைச் சிதறடித்துச் சென்சாருக்குக் காட்டும் அந்த வெண்தகடு நாளடைவில் மங்கும். தகடு மங்கியதைச் சென்சார் மங்கியதாகக் கணக்கிட்டால் படம் வெளிறிவிடும். இதற்காகவே அமெரிக்காவின் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளில் அடிக்கடி பயன்படுத்த ஒரு தகடும், அதைச் சரிபார்க்க எப்போதாவது மட்டும் திறக்கும் இன்னொரு தகடும் இருக்கின்றன; போதாததற்கு மாதந்தோறும் நிலவையும் படமெடுக்கிறார்கள்.

மாந்தோப்பு_24:
மன்னிக்கவும், ஐரோப்பாவின் சென்டினல்-2, தரைநிலை எதிரொளிப்பு (காற்றுமண்டலத்தின் தாக்கத்தை நீக்கிய மதிப்பு). பிப்ரவரி 2021, பிப்ரவரி 2023. எதிரொளிப்பைப் பெறப் படத்தின் பிக்சல் எண்களை 10000ஆல் வகுத்தேன்.

பழையபுள்ளி:
படத்தோடு வரும் விவரக் கோப்பைத் திறந்து பார்க்காமல் சென்சாரைக் குற்றம் சொல்லும் இழைகளுக்கு நான் பதில் எழுதி அலுத்துவிட்டேன், தம்பி. சென்சாரின் உணர்திறன் மாறினால் எல்லா மதிப்புகளும் ஒரே விகிதத்தில் பெருகும், 0.02 என்பது 0.12 ஆவதற்கு ஆறு மடங்கு வேண்டும், அந்தக் கணக்கில் உங்கள் தோப்பு பனிமலையைவிட வெளுத்திருக்கும். இங்கே கூடியிருப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான 0.1. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில், இருண்ட பரப்புகளில் எண் சுழியத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாதிருக்க, ஒவ்வொரு பிக்சலிலும் 1000 கூட்டித் தருகிறார்கள். 10000ஆல் வகுத்தால் அதுதான் அந்த 0.1. அதைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும். பசுமைக் குறியீடு என்பது அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. சிவப்பு 0.05, அகச்சிவப்பு 0.35 என்றால் குறியீடு 0.75; இரண்டிலும் 0.1 கூடினால் 0.50. உங்கள் தோப்பு பட்டுப்போனது இப்படித்தான்.

காவேரிப்பட்டினத்தான்:
ஐயா சொல்வது சரி; ஆனால் தேதியை மட்டும் நம்பக் கூடாது. மீண்டும் செயலாக்கி வெளியிட்ட பழைய படங்களிலும் அந்த 1000 உண்டு. கோப்புப் பெயரில் செயலாக்கப் பதிப்பு எண் N0400 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓசூர்க்காரன்:
இருந்தாலும் சென்சாரைச் சரிபார்க்க நாமே ஒரு சோதனைக் களம் வைத்துக்கொள்ளலாமே! நம் மாவட்டத்தில் கிரானைட் குவாரிகளுக்கா பஞ்சம்?

பழையபுள்ளி:
வாராவாரம் வெட்டும் குழி, அதன் நிழல், கழிவுக்கல் குவியல், லாரிப் புழுதி! சென்சார்களைச் சரிபார்க்க லிபியா நாட்டுப் பாலைவனத்தின் லிபியா-4 என்ற மணற்பரப்பை உலகமே பயன்படுத்துவது, அது பல கிலோமீட்டருக்கு ஒரே சீராக, மழையும் பயிரும் இன்றிக் கிடப்பதால்தான்.

ஓசூர்க்காரன்:
குஜராத்தின் உப்புவெளியான கட்ச் ரண்ணில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. அதையும் நம் செயற்கைக்கோள்களுக்குப் பயன்படுத்தத்தானே செய்கிறார்கள்?

காவேரிப்பட்டினத்தான்:
உப்பு காய்ந்த மாதங்களில், செயற்கைக்கோள் கடக்கும் வேளையில் கருவியோடு தரையில் நின்று அளக்கிறார்கள். குவாரியில் உங்களை யார் உள்ளே விடப்போகிறார்கள்?

மாந்தோப்பு_24:
2021 கோப்பில் N0214, 2023இல் N0509. 2023 படத்தில் 1000ஐக் கழித்தேன்: நீர் 0.02, தோப்பு 0.75. நன்றி.