ஆர்சி 390-இல் ஸ்விங்ஆர்மை நீட்டலாமா? கடைக்காரர் 60 ஆயிரம் என்கிறார்

பனியன்_390:
வணக்கமுங்க. வண்டி 2018 கேடிஎம் ஆர்சி 390, போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தினமும் பெருமாநல்லூரிலிருந்து திருப்பூருக்குள் கம்பெனிக்குப் போக வர, மாதத்தில் ஒரு ஞாயிறு வால்பாறை. இப்போது டிராக் ரேஸ் பைத்தியம் பிடித்திருக்கிறது. முறையாக ரேஸ் லைசென்ஸ் எடுத்து, நின்ற இடத்திலிருந்து நேராக 402 மீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை, ரோட்டில் இல்லை, போட்டியில். தெரிந்த கடையில் கேட்டேன். ஸ்விங்ஆர்மை (பின்சக்கரத்தைப் பிடிக்கிற கை) 4 இன்ச் நீட்டி, முன்னும் பின்னும் வண்டியை இறக்கி, ஃபுல் சிஸ்டம் எக்ஸாஸ்ட் மாட்டி, ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) பெட்ரோல் அளவு மேப் ஏற்றித் தர 60 ஆயிரம் என்கிறார். இருப்பது ஒரே வண்டி, அதிலேயேதான் வேலைக்கும் போக வேண்டும். செய்யலாமா? அப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கணபதி_லேத்து:
தாராளமாகச் செய்யுங்க தம்பி. டிராக் என்பது முதல் 60 அடியில் முடிகிற விளையாட்டு. அங்கே முன்சக்கரம் தூக்கியதும் பயந்து ஆக்ஸிலேட்டரை விடுவீங்க, விட்ட அந்த அரை நொடியைக் கடைசி வரை ஓடினாலும் பிடிக்க முடியாது. சக்கரம் தூக்காமல் இருக்க இரண்டே வழி, வண்டி நீளமாக இருக்க வேண்டும், அல்லது எடை கீழே இருக்க வேண்டும். இரண்டையும்தான் உங்க கடைக்காரர் சொல்கிறார். பெரிய டிராக் வண்டிகளைப் பாருங்க, பின்சக்கரம் அடுத்த ஊரில் இருக்கும்.

ஆழியாறு_கொண்டைஊசி:
அந்தப் பெரிய வண்டிகள் 1000 சிசிக்கு மேலுங்க, 200 குதிரைக்குப் பக்கம். தம்பியிடம் இருப்பது 373 சிசி, 43.5 குதிரை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், ஒன்றும் கஷ்டமில்லை. இன்ஜின் திருப்புவிசை 36 நியூட்டன் மீட்டர். இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற பிரைமரி விகிதம் 2.667, முதல் கியரும் 2.667, செயின் முன்னால் 15 பல்லுக்குப் பின்னால் 45 என்றால் 3. பெருக்கினால் பின்சக்கரத்தில் 768 நியூட்டன் மீட்டர். டயர் ஆரம் சுமார் 306 மில்லிமீட்டர், ஆக தள்ளுவிசை 2,500 நியூட்டன். வண்டியும் ஆளும் சேர்ந்து 240 கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 1 ஜி (புவியீர்ப்பு அளவு) முடுக்கம், செயினிலும் கியரிலும் போகிற இழப்பைக் கழித்தால் அதற்கும் கொஞ்சம் கீழே. இந்த நீள வண்டியில் முன்சக்கரம் தூக்குவதற்கும் அதே 1 ஜி அளவுதான் தேவை. அதாவது முதல் கியரில் முழு இழுப்பில் மட்டும் தூக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடம். இரண்டாம் கியர் 1.857, அங்கே முக்கால் ஜி கூட வராது, சக்கரம் தரையை விடவே விடாது. முதல் கியர் 50, 55 கிலோமீட்டரில் முடிந்துவிடும், இரண்டு நொடிச் சமாச்சாரம். அந்த இரண்டு நொடிக்காக வருடம் முழுக்க நீள வண்டியில் மங்கலம் ரோட்டில் யூ டர்ன் அடிக்கணுமா? பெட்ரோல் டாங்க் மேல் நெஞ்சை வைத்துப் படுத்தால் அதே வேலை ஓசியில் நடக்கும்.

கணபதி_லேத்து:
கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்கிற வண்டியின் கணக்குங்க அது. ஸ்டார்ட்டில் 7,000 சுற்றில் பிடித்துக் கிளட்சை விடும்போது சுற்றிக்கொண்டிருக்கிற கிராங்கின் வேகமும் சேர்ந்து இறங்கும், அந்த ஒரு கணம் உங்க 36-க்கு மேலே போகும். அதோடு டிராக் ஓடுகிறவன் பின்னால் 45 பல்லோடு நிற்க மாட்டான், 48 போடுவான். அப்போது உங்க 1 ஜி என்னவாகும்?

ஆழியாறு_கொண்டைஊசி:
கிளட்ச் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன், அதை விட்டுவிட்டேன். 48 போட்டால் விகிதம் 3.2, ஏழு சதவீதம் கூடும், அப்போது முதல் கியரில் நிச்சயம் தூக்கப் பார்க்கும். ஆனால் அதைக் கிளட்சில்தான் அடக்க வேண்டும், வெல்டிங்கில் இல்லை. கிளட்சை ஒரேயடியாக விடாமல் விரலால் அளந்து விடுகிற ஆளுக்கு நாலு இன்ச் தேவையில்லை. அளக்கத் தெரியாத ஆள் நாலு இன்ச் நீட்டியும் பின்சக்கரத்தைச் சுழலவிட்டுக்கொண்டு நிற்பான். முன்சக்கரம் தூக்காமல் பார்த்துக்கொள்வது என்றாலே பின்சக்கரத்துக்குப் போகிற எடையைக் குறைப்பதுதானே. ஸ்டாக் டயரில் அந்த எடைதான் பிடிப்பே.

ஆர்எக்ஸ்_மாமா:
எங்க ஆர்எக்ஸ் 100, 98 சிசி, 11 குதிரை, கிக்கர் ஒரு மிதி. எங்க காலத்தில் இத்தனை பெருக்கல் வகுத்தல் இல்லை சாமி. சைலன்சருக்குள்ளே இருக்கிற கம்பியை உருவிவிட்டு ராத்திரியே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவோம்.

ஈரோட்டு_ஆர்15:
இறக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன், நான்தான் பட்டவள். என் யமஹா ஆர்15-இல் பின் சஸ்பென்ஷனுக்கு லிங்க் இருக்கிறது, அதை நீளமாக மாற்றினால் பின்பக்கம் இறங்கிவிடும், முன்னால் சஸ்பென்ஷன் போர்க் குழாயை கிளாம்பில் மேலே ஏற்றிக்கொள்ளலாம், அரை நாள் வேலை. பார்க்க அப்படி ஒரு அழகு. முதல் வாரமே என்ன ஆனது தெரியுமா? சைடு ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தது. வண்டி தாழ்ந்துவிட்டதால் ஸ்டாண்டில் சாயாமல் கிட்டத்தட்ட நேராக நின்றது. ஆபீஸ் வாசலில் ஒருத்தர் பக்கத்து ஸ்கூட்டரை எடுக்கும்போது லேசாக இடித்தார், என் வண்டி மறுபக்கம் படுத்துவிட்டது. ஃபேரிங் போச்சு, கிளட்ச் லீவர் போச்சு. சரி என்று ஸ்டாண்டை வெட்டி ஒட்டினேன். அப்புறம் பெருந்துறை பக்கம் ஒரு வேகத்தடை, பின்னால் தோழி உட்கார்ந்திருந்தாள், ஆயில் வடிக்கிற போல்ட் தலை உரசி ஒரு பக்கம் தேய்ந்தே போனது. அடுத்த ஆயில் சர்வீஸில் ஸ்பேனர் பிடிக்கவில்லை, மெக்கானிக் அண்ணன் உளி வைத்துத் தட்டிக் கழட்டினார். அதே வாரம் எல்லாவற்றையும் பழையபடி ஏற்றிவிட்டேன். தம்பி வேறு வால்பாறை போகிறேன் என்கிறார், ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி, ஒவ்வொன்றிலும் கீழே எதாவது ஒன்று தரையைத் தொடும்.

ஆழியாறு_கொண்டைஊசி:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. முன்னால் மட்டும் போர்க்கை ஏற்றி இறக்கினால் ஹேண்டில் கோணம் நிமிர்ந்து, முன்சக்கரத்தை நேராக வைக்கிற டிரெயில் அளவு குறையும், வேகத்தில் ஹேண்டில் படபடவென்று உதறும். ஆர்சியில் பின்னால் லிங்க் கிடையாது, மோனோஷாக் நேராக ஆர்மில்தான் உட்காருகிறது. அதனால் இறக்க வேண்டும் என்றால் ஷாக்கையே குட்டையாக்க வேண்டும். ஆர்மை நீட்டும்போது இன்னொரு வம்பு வரும். நெம்புகோல் நீளுகிறது, அதே ஸ்பிரிங் முன்பைவிட மென்மையாக அமுங்கும். ஷாக்கைக் குட்டையாக்கி ஸ்பிரிங்கையும் மென்மையாக்கினால் டயர் மட்கார்டில் போய் இடிக்கும். கடைக்காரர் இதற்கு வேறு ஸ்பிரிங் தருகிறேன் என்று சொன்னாரா தம்பி?

பனியன்_390:
இல்லைங்க அண்ணா. ஸ்பிரிங் பற்றிப் பேச்சே வரவில்லை. ஏற்கனவே ஒரு வண்டிக்குச் செய்த போட்டோ காட்டினார், வெல்டு நல்லா மீன் செதில் மாதிரி அடுக்காக இருந்தது.

ஆழியாறு_கொண்டைஊசி:
வெல்டா? லேத்து அண்ணா, நீங்களே சொல்லுங்க. கோயம்புத்தூர்க்காரரிடம் நான் வார்ப்பைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது.

கணபதி_லேத்து:
ம். வெல்டு என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தப்பு. அந்த ஆர்ம் வார்ப்பு அலுமினியம், பார்த்தால் குறுக்கும் நெடுக்கும் விலா எலும்பு மாதிரி இருக்கும். பவுண்டரியில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், வார்ப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பொக்கை இருக்கும், டிக் வெல்டு வைத்ததும் அது குமிழ் விட்டு வெளியே வரும். மேலே மீன் செதில் போட்டு அழகாக மூடிவிடலாம், சூடுபட்ட ஓரம் மட்டும் பலம் இழந்து நிற்கும். ஒரு நாள் அந்த ஓரத்தில்தான் விரிசல் ஓடும். பம்பு பாடி உடைந்தால் தண்ணீர் ஒழுகும், அவ்வளவுதான். இது உடைந்தால் பின்சக்கரம் தனியாகப் போகும்.

ஆனால் நீட்டுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கட்டி அலுமினியத்தில் மில்லிங் போட்டு, ஆக்சில் இடத்தில் போல்ட்டில் பிடிக்கிற பிளாக் செய்யலாம். ரேஸ் அன்று மாட்டு, திங்கள்கிழமை கழட்டு. இரண்டு பக்கத்துப் பிளாக்கையும் ஒரே செட்டிங்கில் மில்லிங் போட்டால் தலைமுடி அளவு கூட வித்தியாசம் வராது.

ஆழியாறு_கொண்டைஊசி:
அது கேட்க நியாயமாக இருக்கிறது. அந்த போல்ட் துளை விழுவது அதே வார்ப்பில்தானே? பின் பிரேக் ஓஸும் ஏபிஎஸ் சென்சார் ஒயரும் எட்டுமா? ஒவ்வொரு ரேஸுக்கும் வேறு நீளச் செயின். கழட்டி மாட்டும்போது ஒரு நாள் சக்கரம் நேரில்லாமல் போனால் 140 வேகத்தில்தான் தெரியவரும்.

கணபதி_லேத்து:
துளை போட வேண்டாம், ஆக்சில் ஸ்லாட்டிலேயே கவ்வவிடலாம். ஓஸ், ஒயர் எல்லாம் பிரச்சினையா? கோயம்புத்தூரில் செய்ய முடியாதது ஒன்று சொல்லுங்க பார்க்கலாம்.

இருசக்கர_வக்கீல்:
செய்ய முடியும், சட்டப்படி ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ வந்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கூட. தம்பியின் பட்டியலில் நாலு மாற்றம் இருக்கிறது, கூட்டிக்கொள்ளுங்கள். சத்தத்துக்கு 190-இல் தனியாக 10,000 வரை. பொது ரோட்டில் ரேஸ் என்றால் 189, முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் வண்டியைத்தான் அளப்பார்.

ஆர்எக்ஸ்_மாமா:
வக்கீல் வந்துவிட்டார், இனி ஆர்எக்ஸ் பேச்சை எடுக்கக் கூடாது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன் கண்ணு. ராத்திரி பைபாஸில் பசங்க ஓட்டுகிறதைப் பார்த்து அந்தப் பக்கம் போய்விடாதே. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் ரேஸ் ஓடுகிற தடமே இருக்கிறது, 2 கிலோமீட்டருக்கு மேல. பக்கத்திலேயே அதை வைத்துக்கொண்டு கரும்பு லாரிக்கு நடுவே ஏன் ஓட்டணும்.

பனியன்_390:
ரோட்டில் ஓட்ட மாட்டேன் மாமா, சத்தியமா. சரி, எக்ஸாஸ்ட், மேப் பற்றி யாராவது சொல்லுங்க. அதுவும் வேண்டாமா?

கணபதி_லேத்து:
அதில் கடைக்காரர் சொன்னது சரி. எக்ஸாஸ்ட் மாற்றினால் மேப்பும் மாற்ற வேண்டும். நிதானமாகப் போகும்போது ஓ2 சென்சாரைப் பார்த்து ஈசியூ பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் முழு திராட்டிலில் சென்சார் பேச்சைக் கேட்காது, உள்ளே எழுதி வைத்த கணக்கைத்தான் ஊற்றும். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் அதே அளவு என்றால் லீனாக ஓடி பிஸ்டன் தலை சூடேறும். டிராக் என்றாலே முழு திராட்டில்தானே.

ஆழியாறு_கொண்டைஊசி:
அண்ணனோடு இதில் சண்டை இல்லை. ஆனால் வரிசை இருக்கிறது. 43 குதிரை 46 ஆவதற்கு முன்னால் இருக்கிற 43-ஐத் தரையில் இறக்கக் கற்றுக்கொள்ளட்டும். தம்பி, முதலில் ஒரு 14 பல்லு முன் ஸ்ப்ராக்கெட் வாங்குங்க. 14-க்கு 45 என்றால் 3.21, பின்னால் 48 போட்டதற்குச் சமம். இரண்டு நல்ல டயர், புது கிளட்ச் பிளேட், பிரேக் பேடு. மீதிப் பணத்தை லைசென்ஸுக்கும் டிராக் நாளுக்கும் வையுங்க. நாற்பது ஐம்பது ஸ்டார்ட் அடித்து, 60 அடி நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்க. டிராக்கில் பச்சை விளக்குக்கு அப்புறம் நீங்க எவ்வளவு தாமதமாகக் கிளம்பினாலும் ஓட்ட நேரம் வண்டி கோட்டை விட்ட பிறகுதான் தொடங்கும், அதனால் ரியாக்‌ஷனையும் ஓட்டத்தையும் தனித்தனியாக எழுதினால்தான் எங்கே இழக்கிறீர்கள் என்று தெரியும். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஸ்விங்ஆர்ம் பேசலாம்.

கணபதி_லேத்து:
முன்னால் 14 போடாதே தம்பி. சின்னப் பல்லில் செயின் இறுக்கமாக மடங்கும், சீக்கிரம் தேயும். பின்னால் 48 போடு, நானே வெட்டித் தருகிறேன்.

ஆழியாறு_கொண்டைஊசி:
48 போட்டால் செயின் நீளம் பத்துமா பாருங்க. 14 என்றால் அதே செயின் போதும், பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், ஆறாம் கியரில் 100-இல் இப்போது 5,800 சுற்று ஓடுகிறது என்றால் அப்போது 6,250 ஓடும், பெட்ரோல் கொஞ்சம் எச்சாக் குடிக்கும். 402-இல் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆறாவது கியர் போட வேண்டியும் வரலாம். எதுவும் சும்மா கிடைப்பதில்லை.

பனியன்_390:
சரிங்க. கடைக்காரருக்கு போன் போட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றேன், அவர் கொஞ்சம் முறைத்துக்கொண்டார். 14-ஆ 48-ஆ என்றுதான் இன்னும் குழப்பம். இப்போது போய்ப் பார்த்தேன், பின் ஆக்சில் அட்ஜஸ்டரில் பின்பக்கம் இன்னும் இரண்டு கோடு மிச்சம் இருக்கிறது.

கணபதி_லேத்து:
இரண்டு கோடு என்றால் செயின் ஏற்கனவே கொஞ்சம் நீண்டிருக்கிறது. ஞாயிறு காலை கோயம்புத்தூர் கணபதிக்கு வாங்க, செயினைக் கழட்டிக் கண்ணி எண்ணி, தேய்மானம் அளந்துவிட்டுச் சொல்கிறேன். அந்த ஆழியாறு அண்ணனையும் கூட்டி வாங்க, பிளாக் டிராயிங்கை அவரிடம் நேரில் காட்டணும்.

ஆழியாறு_கொண்டைஊசி:
வருகிறேன். 14 பல்லு ஒன்று என்னிடமே சும்மா கிடக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன்.