அனாட்டமி பெயர்கள் மனதில் நிற்கவில்லை, முதலுதவி பிராக்டிக்கலுக்கு எப்படிப் படிப்பது?

கொழிஞ்சாம்பாறை மாணவி

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காட்டில் நர்சிங் முதல் வருடம் படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கே பாடம் இங்கிலீஷில், சந்தேகம் கேட்டால் விளக்கம் மலையாளத்தில். மலையாளம் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த பாஷைதான், அதில் கஷ்டம் இல்லை. பெயர்கள்தான் படுத்துகின்றன. ராத்திரி ஒப்பித்துவிட்டுப் படுத்தால் காலையில் ரேடியஸ் எது, அல்னா எது, டிபியா எது என்று எல்லாம் குழம்பிவிடுகிறது. மீடியல், லேட்டரல் இன்னும் மோசம். அடுத்த மாதம் முதலுதவி பிராக்டிக்கல். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் "எங்கே அழுத்துவாய், ஏன் அங்கே?" என்று கேட்பார்களாம். ரூம் சுவர் முழுக்க சார்ட் ஒட்டியாச்சு. வேறு வழி இருந்தால் சொல்லுங்களேன்.

சித்தூர் நர்ஸக்கா

அம்மிணி, நான் சித்தூர்க்காரி. கேஷுவாலிட்டியில்தான் என் சர்வீஸ் பெரும்பாலும் போனது. சார்ட்டை விடு, உன் உடம்பிலேயே விரல் வைத்துப் படி. அந்த இடத்தில் அடிபட்டால் என்ன ஆகும், நம் கை அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதோடு சேர்த்துப் படித்தால்தான் பெயர் நிற்கும்.

கையிலிருந்து ஆரம்பி. நேராக நின்று உள்ளங்கையை முன்பக்கம் காட்டு. அனாட்டமியில் எந்தத் திசையைச் சொன்னாலும் இப்படி நிற்கும் உடம்பை வைத்துத்தான் சொல்வார்கள். நடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பது மீடியல், தள்ளி இருப்பது லேட்டரல். இப்போது உன் கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்கிறதல்லவா, அது லேட்டரல். அந்தப் பக்கத்து எலும்பு ரேடியஸ். சுண்டுவிரல் பக்கம் அல்னா. இன்னொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே வை. கயிறு போல ஒன்று தட்டுப்படும், அது தசைநாண். அதற்கும் ரேடியஸுக்கும் நடுவே சின்னப் பள்ளம். அங்கே துடிப்பது ரேடியல் ஆர்ட்டரி. கட்டைவிரலால் பார்க்காதே, அதற்கே துடிப்பு உண்டு, நோயாளியுடையது என்று நினைத்து உன்னுடையதை எண்ணிவிடுவாய். அப்புறம் முன்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார். ரேடியஸ் உருண்டு அல்னாவுக்குக் குறுக்கே போவது விரலுக்கே தெரியும்.

முழங்காலுக்குக் கீழே முன்னால் கூராகத் தட்டுப்படுவது டிபியா, கட்டில் காலில் இடித்தால் உயிர் போகிற இடம். வெளிக்கணுக்காலில் துருத்தி நிற்பது ஃபிபுலாவின் நுனி.

நெஞ்சுக்கு நடுவில் ஸ்டெர்னம். மூச்சும் இதயமும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதுவதுதான் சிபிஆர். அதில் ஸ்டெர்னத்தின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி உட்கார வேண்டும். அதற்கும் கீழே முனையில் இருக்கும் ஜிஃபாய்டு மேல் அழுத்தாதே, அடியில் கல்லீரல் இருக்கிறது. ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலே எழும்பவிடு, அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். வைவாவில் "ஏன்" என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊர் விஷயம். சித்தூர் தாலுகாவில் கள் இறக்கும் தோப்புகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்திலிருந்து விழுந்தவரை எப்படிக் கொண்டுவருவார்கள் தெரியுமா? ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், இன்னொருவர் காலைத் தூக்குவார், இடுப்பு நடுவில் தொங்கும். அப்படியே ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துவிடுவார்கள். பதற்றத்தில், பாசத்தில் செய்வதுதான். ஆனால் விழுந்தபோது தப்பிய தண்டுவடம் அந்தத் தூக்கலில் போய்விடலாம். இதைப் பார்த்துப் பார்த்து மனசு வெந்திருக்கிறது எனக்கு. அதனால் முதுகெலும்பை மட்டும் ஆழமாகப் படி, அம்மிணி.

கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, கீழ்முதுகில் 5, அதற்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்த சேக்ரம், வால் எலும்பு. தலையைக் குனிந்து கழுத்தின் பின்பக்கம் தடவினால், அடியில் பெரிதாகத் துருத்துவது பெரும்பாலும் ஏழாவது. கழுத்தின் 3, 4, 5 மட்டத்திலிருந்து கிளம்பும் நரம்புதான் மூச்சுக்கான முக்கியத் தசையான உதரவிதானத்தை இயக்குகிறது. அங்கே தண்டுவடம் நசுங்கினால் மூச்சே நின்றுவிடும். விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க என்று தலையைத் தூக்காதே என்பது இதனால்தான்.

மூச்சு இருக்கிறதா, எங்கேயாவது ரத்தம் பாய்கிறதா என்பதை முதலில் பார். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்கட்டும். கால் விரலை அசைக்கச் சொல், தொட்டால் தெரிகிறதா என்று கேள். வாந்தி வந்தோ பலகையில் ஏற்றவோ திருப்ப வேண்டியிருந்தால், தலையைப் பிடித்தவர் எண்ணிச் சொல்ல, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மட்டும் கழுத்துக்காகக் காத்திருக்காதே, சிபிஆர்தான் முதலில்.

தொடை எலும்பு ஃபீமரையும் மறந்துவிடாதே. அது முறிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளே 1 முதல் 1.5 லிட்டர் ரத்தம் போய்விடலாம். பெரியவர் உடம்பில் மொத்தமே சுமார் 5 லிட்டர்தான்.

இன்னொன்று, எல்லையோரத்தில் போன் அடுத்த மாநில டவரைப் பிடிக்கக்கூடும். 108க்குப் பேசும்போது முதலில் மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்தைச் சொல்லிவிடு.

கோபாலபுரம் தோட்டக்காரர்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் தோப்பில் பாளை சீவுகிற கத்தி முன்கையில் இறங்கிவிடுவது உண்டு. காப்பித்தூளை அள்ளி அப்பிவிடுகிறார்கள். முழங்கைக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாம்பு கடித்தாலும் அதே கட்டுத்தான். இதில் எது சரி என்று சொல்லுங்கள் அக்கா, வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும்.

சித்தூர் நர்ஸக்கா

நல்ல கேள்விங்க தம்பி. வெட்டுக்கு முதல் வைத்தியம் நேரடி அழுத்தம். சுத்தமான துணியைக் காயத்தின் மேலேயே வைத்து, உடம்பு பாரம் இறங்குகிற மாதிரி அழுத்தணும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதற்கு மேலேயே இன்னொரு துணி. பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். இவ்வளவுக்கும் அடங்காமல் ரத்தம் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே அகலமான பட்டையால் இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு ஓடணும். காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் எங்களால் தையலே போட முடியும்.

பாம்புக்குக் கட்டவே கூடாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கண்ணாடி விரியன் விஷம் கடித்த இடத்துத் தசையையும் சேர்த்துக் கெடுக்கும். கயிறு கட்டி அங்கேயே தேக்கினால் கையோ காலோ அழுகும். கட்டை அவிழ்க்கும்போது தேங்கியது மொத்தமாக ஏறி ஆள் சரிந்துவிடவும் கூடும். மோதிரம், வளையல், காப்பைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்கு வைப்பது போல மரச்சட்டம் வைத்து அசையாமல் கொண்டுவாங்க. நடக்க வைக்காதீங்க, தசை அசைய அசைய விஷம் சீக்கிரம் ஏறும்.

அம்மிணி, இதிலும் அனாட்டமி இருக்கிறது. கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலிகூடத் தெரியாமல் போகலாம். காலையில் இமை தொங்கும். இமையைத் தூக்கும் தசை முதலில் சோர்ந்து, பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. "கண் சொக்குது" என்று வருகிறவரைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்து உட்கார வைத்துவிடாதே. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்றால் ரத்தம் உறையாது. அதற்குத்தான் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறோம்.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பது. மலைப்பக்கத்துத் தோட்டங்களில் மலையாளத்தில் முழமூக்கன் என்கிறார்களே, அந்தக் குழிவிரியனுக்கு இது வேலை செய்யாது. அதனால் தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்க. பிடிக்கவோ அடிக்கவோ போய் இன்னொருவர் கடி வாங்க வேண்டாம்.

கோவை பிசியோ

தீக்காயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கை, பிராக்டிக்கலில் வரும். 20 நிமிடம் ஓடும் தண்ணீர், ஐஸும் பேஸ்டும் கூடாது. உடம்பில் எவ்வளவு பரப்பு வெந்தது என்று கணக்கிட ஒன்பதின் விதி: தலை 9 சதவீதம், ஒரு கை 9, ஒரு கால் 18, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, பிறப்புறுப்பு 1. சிதறலான காயமாக இருந்தால் நோயாளியின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து 1 சதவீதம் என்று வைத்து அளக்கலாம். குழந்தைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதற்குத் தலை பெரிது.

கொழிஞ்சாம்பாறை மாணவி

ரொம்ப நன்றிங்கக்கா, அண்ணாக்களுக்கும் நன்றி. ரூம்மேட் கையில் ரேடியல் பார்த்துவிட்டேன், சட்டென்று கிடைத்தது! ஒரு சந்தேகம். கைக்குழந்தைக்கு நாடி எங்கே பார்ப்பது? கழுத்தில் கரோட்டிட் தேடினால் போதுமா?

சித்தூர் நர்ஸக்கா

வேண்டாம் அம்மிணி. ஒரு வயதுக்குக் கீழே கழுத்து குட்டையாக, சதைப்பற்றாக இருக்கும், கரோட்டிட் கிடைப்பது கஷ்டம். மேல்கையின் உள்பக்கம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இரண்டு விரலை வைத்து மெதுவாக எலும்போடு அழுத்து, பிராக்கியல் கிடைக்கும். 10 விநாடிக்கு மேல் தேடிக்கொண்டிருக்காதே. கிடைக்கவில்லை என்றால் இரண்டு கையாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரல் இரண்டையும் ஸ்டெர்னத்தின் கீழ்ப்பாதியில் வைத்து சுமார் 4 செ.மீ. அழுத்து. தனியாக இருந்தால் 30க்கு 2, நர்ஸ் இரண்டு பேர் இருந்தால் 15க்கு 2. தொண்டையில் ஏதாவது அடைத்திருந்தால் முதுகில் 5 தட்டு, மார்பில் 5 அழுத்து, வயிற்றில் கை வைக்காதே. லேபில் குழந்தை பொம்மை இருக்கும், டீச்சரிடம் கேட்டு வாங்கிச் செய்து பார். சந்தேகம் வந்தால் இங்கேயே கேள், நான் பார்க்கிறேன்.