மேட்ரிக்ஸ் எண், டேக்: தட்டடைவுக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

கிராமபோன் இசைத்தட்டுகளின் விவரப் பட்டியலுக்கு (டிஸ்காகிரஃபி) நூலடைவு போலத் 'தட்டடைவு' என்பதில் எல்லோரும் உடன்பட்டுவிட்டோம். அடுத்தது மேட்ரிக்ஸ் எண், அதாவது ஒலிப்பதிவுக்குக் கம்பெனி தன் பதிவேட்டில் இடும் எண். கணிதத்தில் உள்ள 'அணி' இங்கே பொருந்தாது. மெழுகில் பதிந்ததிலிருந்து உலோகத் தகடு எடுத்து, அந்தத் தகட்டால்தான் தட்டை அழுத்துகிறார்கள். எனவே 'தகட்டெண்' என்று முன்மொழிகிறேன். ஒரே பாட்டைப் பதியும் ஒவ்வொரு முறையையும் குறிக்கும் டேக் என்பதற்கு 'எடுப்பு' எப்படி?

---

வணக்கம் ஐயா.

> எனவே 'தகட்டெண்' என்று முன்மொழிகிறேன்.

ஒரே மெழுகிலிருந்து எதிர்த்தகடு, அதிலிருந்து தாய்த்தகடு, அதிலிருந்து பல அழுத்துத்தகடுகள் பிறக்கும். பிரிட்டனின் கிராமபோன் கம்பெனித் தட்டுகளில் லேபிளுக்கு இடப்புறம் தாய்த்தகட்டின் எண்ணும் வலப்புறம் அழுத்துத்தகட்டின் குறியெழுத்தும் இருப்பதுண்டு. உண்மையான தகட்டு எண்கள் அவைதாம். நாம் சொல்லவரும் எண்ணையும் 'தகட்டெண்' என்றால், பட்டியல் தயாரிப்பவர் எதைப் பார்த்து எழுதுவார்?

'மெழுகெண்' என்று சிலர் எழுதுகிறார்கள். கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினரின் தொடக்ககாலத் தட்டுகள் துத்தநாகத்தில் அமிலத்தால் அரித்து எடுத்தவை. அங்கே மெழுகெண் பொருந்தாது. தட்டில் கீறியிருக்கிறதே என்று 'வெட்டெண்' என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் விக்டர் கம்பெனியின் எத்தனையோ தட்டுகளில் இந்த எண் கண்ணுக்கே படாது. பட்டியல் எண்ணும் (விற்பனைப் பட்டியலில் தட்டுக்குரிய எண்) டேக் எண்ணும் மட்டும்தான் தெரியும். கம்பெனியின் பதிவேட்டைப் பார்த்தே மேட்ரிக்ஸ் எண்ணை அறிய வேண்டும்.

பொருளையும் இடத்தையும் விட்டுவிட்டு, எதை எண்ணுகிறோமோ அதையே பெயராக்கலாம்: 'ஒலிப்பதிவெண்'. வெறும் 'பதிவெண்' வண்டிக்கும் கடிதத்துக்கும் போய்விட்டது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு இத்தாலிய ஆப்பெரா பாடகர் கரூசோ பாடிய 'வெஸ்தி லா ஜூப்பா' என்ற பாட்டு போதும். விக்டருக்காக 1904இல் பியானோவுடன் பாடியது 10 அங்குலத் தட்டு: பட்டியல் எண் 81032, ஒலிப்பதிவெண் பி-998. 1907இல் இசைக்குழுவுடன் பாடியது 12 அங்குலம்: 88061, சி-4317. பெயரையும் பாடகரையும் மட்டும் வைத்து அடைவு செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 1923 முதல் விக்டரின் சிவப்பு லேபிள் தட்டுகள் இருபுறத் தட்டுகளாக வந்தபோது பழைய பதிவுகளுக்குப் புதிய பட்டியல் எண் கிடைத்தது. பட்டியல் எண்ணை நம்பினால் ஒரே பாட்டை இரண்டாக எண்ணிவிடுவோம்.

> டேக் என்பதற்கு 'எடுப்பு' எப்படி?

எடுப்பு என்றால் பாட்டுக்காரர்களுக்குப் பல்லவி. 'மீள்பதிவு' என்றால் பல ஆண்டு கழித்து மறுபடி பதிந்தது என்றே படிப்பார்கள். 'ஈடு' என்று வைக்கலாம். முதல் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு இட்லி என்பதுபோல, ஒரே அமர்வில் ஒரே பாட்டை அடுத்தடுத்துப் பதிந்தவற்றுக்கு அது இயல்பாக வரும்.

---

'ஒலிப்பதிவெண்', 'ஈடு' இரண்டுக்கும் என் ஆதரவு. ஈட்டுக் கட்டத்தை நிரப்புவதில் மட்டும் ஓர் எச்சரிக்கை.

விக்டரில் ஒலிப்பதிவெண் மாறாது, ஈடு 1, 2, 3 என்று ஏறும். கிராமபோன் கம்பெனியின் பழைய முறையில் பெரும்பாலும் ஒவ்வொரு மெழுகும் தனி எண் வாங்கியது. 1921இல் பிபி, சிசி என்று தொடங்கும் எண் வரிசைகள் வந்த பின்தான் ஈட்டு எண் சீராக வருகிறது. ஆகவே பழைய தட்டுகளுக்கு ஈட்டுக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். தாமாக '1' என்று போட்டால், இரண்டாவது ஈடு ஒன்று எங்கோ இருக்கிறது என்று படிப்பவர் தேடத் தொடங்குவார்.

தட்டைப் படிக்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, தட்டை மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் 3, 8 என்று மயங்கும். தெளியாத இலக்கத்துக்குக் கேள்விக்குறி இடுங்கள், ஊகம் வேண்டாம். எண் தட்டிலிருந்து வந்ததா, பதிவேட்டிலிருந்தா, கம்பெனி விலைப்பட்டியலிலிருந்தா என்று தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும்.

வெளிவராத ஈடுகளையும் விடக்கூடாது. விக்டர் பதிவேட்டில் அழிக்கச் சொன்னவை, நிறுத்தி வைத்தவை எல்லாம் ஈட்டு எண்ணோடு உள்ளன. அவற்றை 'வெளிவரவில்லை' என்ற குறிப்போடு அதே ஒலிப்பதிவெண்ணின் கீழ் அடுக்குங்கள். அழிக்கச் சொன்னதன் சோதனைப் பிரதி பின்னாளில் யாரிடமாவது கிடைத்தால், சேர்ப்பதற்கு வரிசையில் இடம் தயாராக இருக்கும்.