தண்டையார்பேட்டை எங்கள் தெரு – குழு உரையாடல்

ராஜேஸ்வரி (இரவு 7:42): வணக்கம். நேற்று மாலை எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிக்கு வழிவிட ஒதுங்கிய எங்கள் கார்த்திக், மணலில் சறுக்கி வண்டியோடு விழுந்துவிட்டான். வலது புருவத்தின் ஓரம் கிழிந்ததால், பக்கத்தில் இருந்த கிளினிக்கில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். கண்ணில் காயமோ சிவப்போ இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணில் புகைமூட்டமாகத் தெரிகிறது என்கிறான். வீக்கம் வடிந்தால் சரியாகிவிடுமா?

செல்வம் (7:45): அக்கா, என் வீட்டில் கண் சொட்டு மருந்து இருக்கிறது. கொண்டுவரட்டுமா?

கலைச்செல்வி சிஸ்டர் (7:48): செல்வம் தம்பி, எந்தச் சொட்டு மருந்தும் வேண்டாம். ராஜி அக்கா, ஒரு கண்ணை மூடச் சொல்லி, உங்கள் சமையலறையில் இருக்கும் சிவப்பு சிலிண்டரை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராஜேஸ்வரி (7:53): இடது கண்ணுக்கு நல்ல சிவப்பாகவும், வலது கண்ணுக்குச் சாயம் போனது போலவும் தெரிகிறதாம்.

கலைச்செல்வி சிஸ்டர் (7:57): அப்படியானால் காலைவரை காத்திருக்காமல் இப்போதே ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். புருவத்தின் வெளி ஓரத்தில் விழும் அடியின் அதிர்வு எலும்பு வழியாகப் பரவி, பார்வை நரம்பு செல்லும் குறுகலான எலும்புக் குழாயைத் தாக்குவதால், கண் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்போதே பார்வை போய்விடக்கூடும். கண் வார்டில் இத்தகைய இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம், தையல் போட்ட இடத்திலேயே யாராவது ஒருவர் டார்ச் அடித்துக் கண்ணின் பாவை சுருங்குகிறதா என்று பார்த்திருக்கக் கூடாதா என்று மனம் பதறுகிறது.

ராஜேஸ்வரி (7:59): கிளம்பிவிட்டோம். ஊசி போட்டால் பார்வை திரும்புமா, சிஸ்டர்?

கலைச்செல்வி சிஸ்டர் (8:04): சிலருக்கு ஓரளவு பார்வை தானாகவே திரும்புகிறது. தலைக்காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் இறப்பு கூடுவதை 2004இல் வெளிவந்த பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டியிருப்பதால், ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லி நீங்கள் வற்புறுத்த வேண்டாம். விபத்து நடந்து 48 மணி நேரம் ஆகவில்லை என்பதால், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைப் பற்றியும் அங்கே கேளுங்கள்.

மோகன் (8:20): சிஸ்டர், கண்ணே கிழிந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாமா?

கலைச்செல்வி சிஸ்டர் (8:26): கூடவே கூடாது, அண்ணா. சுண்ணாம்போ சிமென்ட்டோ பட்டால்தான் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். விழி கிழிந்திருந்தால் கழுவாமல், அழுத்தாமல், குத்தி நிற்கும் கண்ணாடித் துண்டைப் பிடுங்காமல், சுத்தமான காகித டீ கப் ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி, அது விழியில் படாதவாறு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின்மேல் கவிழ்த்து ஒட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய நேரலாம் என்பதால், காபிகூடக் கொடுக்கக் கூடாது. தலையின் மேல்பாதியை மட்டும் மூடும் ஹெல்மெட் கண்ணைக் காக்காது. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டாக, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், முன்கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

ராஜேஸ்வரி (இரவு 11:10): ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை, கண்குழி எலும்பில் மட்டும் மெல்லிய விரிசல் இருக்கிறதாம். உள்நோயாளியாகச் சேர்த்திருக்கிறார்கள். கண் மருத்துவர் தினமும் பார்வையைச் சோதிப்பாராம்.

கலைச்செல்வி சிஸ்டர் (11:14): நல்லது அக்கா. விரிசல் இருப்பதால் மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகும், கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தால், விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அன்றே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.