சந்தையில் படம் எடுத்தால் பணம் கேட்கிறார்கள். கொடுப்பதா?

வைகறை:
மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஞாயிறுதோறும் விடியும் முன்பே போய்ப் படம் எடுப்பேன். போன வாரம் பூ கட்டும் அம்மா ஒருவர், "தம்பி, என் முகத்தை எடுத்துக்கொண்டு போகிறாய். எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். காசு கொடுத்து எடுத்தால் அது வேடம் போட்ட படம் ஆகிவிடாதா?

நெல்லை மணி:
கொடுக்காதீர்கள். சுற்றுலாத் தலங்களில் பாருங்கள், கேமராவைக் கண்டதும் சிரிப்பு, எடுத்ததும் கை நீட்டல். சந்தையையும் அப்படி ஆக்கிவிடுவீர்கள்.

ஸ்டூடியோக்காரர்:
மணி, அந்த அம்மா கேட்டது நியாயம். அதைப் பிச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணிப் பயிர் உறைபனியில் போய்விட்டது. பறிக்க வந்த கூலிக் குடும்பங்கள் முகாமில் பட்டினி கிடந்தன. அரசாங்கச் சம்பளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த டோரதியா லாங் அங்கே போனார். 32 வயதுத் தாய், அவர் தோளில் முகத்தை மறைத்துக்கொண்ட குழந்தைகள்: அந்தப் படத்தை உலகமே பார்த்திருக்கிறது. ஆனால் அந்தத் தாயின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். காரின் டயரை விற்று உணவு வாங்கியிருந்தார்கள் என்றும் எழுதினார். குடும்பத்தார் அதை மறுத்தார்கள். பெயர் தெரியாத முகத்துக்குக் கதை எழுதுவது எவ்வளவு சுலபம்!

படம் நாளிதழில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு எடை, அதாவது சுமார் 9,000 கிலோ, உணவு போனது. அதற்குள் அந்தக் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போயிருந்தது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே வந்தது 1978இல்தான். ஒரு காசும் கிடைக்கவில்லை, என்னைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் அவர். லாங்கும் அந்தப் படத்தை விற்றுப் பணம் பார்த்தவர் அல்லர். அது அரசாங்கத்தின் சொத்து. எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான்.

பணம் வேண்டாம், பிரிண்ட் கொடுங்கள். ஆனால் இருட்டில் பாதி முகம் தெரியும் உங்கள் கலைப்படத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். எங்கள் கடைக்கு வரும் பெரியவர்கள் நேராக உட்கார்ந்து, இரண்டு காதும் தெரிய எடுக்கச் சொல்வார்கள். "நாளைக்கு மாலை போட ஆகும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எடுக்கும்போது மட்டும் சிரிக்கமாட்டார்கள். அப்படி ஒரு படம் இல்லாத வீட்டில் சாவு விழுந்தால், மகன் வாக்காளர் அட்டையோடு ஓடி வருவான். அந்த நகம் அளவு முகத்தைப் பெரிதாக்கித் தரும்போது எனக்கே கை கூசும்.

வைகறை:
நேராக நிற்க வைத்தால் நான் தேடுகிற இயல்பு போய்விடுமே, ஐயா?

ஸ்டூடியோக்காரர்:
இயல்பு உங்களுக்கு வேண்டியது. அவருக்கு வேண்டியதை முதலில் எடுங்கள். குழல்விளக்கடியில் முகம் பச்சையடிக்கும். வெளிச்சம் வந்த பிறகு வாசல் பக்கம் கூப்பிடுங்கள். தலைவாரிக்கொள்ள நேரம் கொடுங்கள். பெயரை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் படம் அதற்குப் பிறகு, அவர் மறுபடி பூவில் கை வைக்கும்போது தானாக வரும்.

நெல்லை மணி:
ஒருவருக்குக் கொடுத்தால் சந்தையே வரிசையில் நிற்குமே!

ஸ்டூடியோக்காரர்:
நிற்கட்டும். போஸ்ட்கார்டு அளவுப் படம் ஒரு டீ, வடை விலைதான். தம்பி அந்த லென்சுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேளுங்கள்.