ஸ்மார்ட் பிளக் ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் காணோம்: பைத்தான்-காசா பயன்படுத்துபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அரைத்தூக்கம்

வீட்டில் 4 ஸ்மார்ட் பிளக், 2 பல்பு. எல்லாம் டிபி-லிங்கின் காசா வகை, எல்லாம் ஒரே வைஃபை. மொபைல் ஆப்பைத் தொடாமல் லேப்டாப்பிலிருந்தே ஓட்டலாமே என்று பைத்தான்-காசா லைப்ரரியை எடுத்து முப்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். 30 நொடிக்கு ஒரு தடவை டிஸ்கவர் செய்து (நெட்வொர்க்கில் எந்தச் சாதனங்கள் இருக்கின்றன என்று தேடி), கிடைக்கிற சாதனம் ஒவ்வொன்றும் ஆனா ஆஃபா என்று பார்த்து, நேரத்தைப் பொறுத்துப் போடவோ அணைக்கவோ வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மூன்று தலைவலி. டிஸ்கவர் ஒரு தடவை 6 கொடுக்கிறது, அடுத்த தடவை 4, சில நாள் காலையில் பூஜ்யம். எர்ரர் எதுவும் வராது, காலி டிக்‌ஷனரி வந்து நிற்கும். சரி என்று டிஸ்கவரைத் தூக்கிவிட்டு, முதல் தடவை பிடித்த ஆப்ஜெக்டையே வைத்துப் பார்த்தேன். பிளக்கில் இருக்கும் பட்டனை விரலால் அமுக்கி அணைத்த பிறகும் ஆனா ஆஃபா என்று சொல்லும் இஸ்_ஆன் இன்னும் ட்ரூ என்றே சாதிக்கிறது. இதெல்லாம் போதாதென்று, ஒரு பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினால் மொத்த லூப்பும் அதற்காகக் காத்திருந்து கடைசியில் டைம்அவுட்டில் விழுகிறது. வேறு லைப்ரரிக்கு மாறிவிடலாமா?

பழைய_மோடம்

ஹோம் அசிஸ்டென்ட் போடுங்க ப்ரோ, வீட்டுச் சாதனம் எல்லாத்தையும் ஓட்டுற சாஃப்ட்வேர், வேலை முடிஞ்சுது.

அரைத்தூக்கம்

அதுவும் உள்ளே இதே லைப்ரரியைத்தான் வைத்திருக்கிறது. அங்கே ஓடுவது என் கையில் ஏன் ஓடவில்லை என்பதுதான் என் கேள்வியே.

கம்பிவடம்

அப்படியென்றால் லைப்ரரி மேல் தப்பில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. டிஸ்கவர் என்றால் எங்கேயோ ஒரு பட்டியல் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுக்கும் என்று நினைத்துக் கூப்பிடுகிறீர்கள். பட்டியலே கிடையாது. தெருமுனையில் நின்று ‘யாராவது இருக்கீங்களா’ என்று கூவுகிற வேலை அது. 255.255.255.255 என்ற பிராட்காஸ்ட் முகவரிக்கு யூடிபி 9999 போர்ட்டில் பாக்கெட் போகும், காதில் விழுந்த சாதனம் பதில் போடும். விழாவிட்டால் விழவில்லை, யூடிபியில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. வைஃபையில் ஆக்சஸ் பாயின்ட் வெளியே விடுகிற பிராட்காஸ்ட் ஃபிரேமுக்கு ஒப்புகையும் கிடையாது, மறு அனுப்பலும் கிடையாது, அதனால் சிக்னல் மெலிந்த மூலையில் இருக்கும் பிளக்தான் அடிக்கடி விட்டுப்போகும். லைப்ரரி சில தடவை கூவிப் பார்த்து, சில நொடி காது கொடுத்து, அதுவரை பதில் சொன்னவர்களை மட்டும் உங்களிடம் ஒப்படைக்கும். 6, 4, 6 என்று ஆடுவதற்கு இதுதான் காரணம்.

பூஜ்யம் வேறு கதை. காலையில் அந்த நேரத்தில் லேப்டாப்பில் விபிஎன் ஓடுகிறதா? இல்லையென்றால் ஸ்கிரிப்டை டாக்கர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு மேல் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் இருந்தால் உங்கள் கூவல் தப்பான வாசல் வழியாகப் போய்விடும். டிஸ்கவருக்கு டார்கெட் என்று ஒரு அளவுரு உண்டு. அதில் உங்கள் சப்நெட்டின் பிராட்காஸ்ட் முகவரியை, 192.168.1.255 மாதிரி, நேராகக் கொடுத்துப் பாருங்கள்.

ஆனால் உண்மையான தீர்வு, 30 நொடிக்கு ஒரு தடவை கூவுவதை நிறுத்துவது. ரௌட்டரில் ஒவ்வொரு சாதனத்தின் மேக் முகவரிக்கும் (அதன் அடையாள எண்) ஒரு ஐபியை டிஹெச்சிபி ரிசர்வேஷனில் மாறாதபடி கட்டிப்போடுங்கள். ஸ்கிரிப்டில் அந்த ஐபிகளை எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் டிஸ்கவர்_சிங்கிள் கொடுத்து ஒரே ஒரு தடவை பிடியுங்கள். புதுச் சாதனம் வாங்கினால் மட்டும் டிஸ்கவர்.

சந்தேகம் இருந்தால், போகிற வருகிற பாக்கெட்டைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து 9999 போர்ட்டை வடிகட்டிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். பழைய காசா சாதனங்கள் பேசுவது ஜேசான் என்ற வெறும் எழுத்து வடிவம்தான், மேலே ஒரு எக்ஸ்-ஆர் (இரு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டுக் கலப்பது) பூச்சு. முதல் பைட்டை 171 உடன் எக்ஸ்-ஆர் செய்வார்கள், அடுத்த பைட்டை முன்னால் வந்த விடையோடு, அப்படியே சங்கிலியாகப் போகும். ஜேசான் எப்போதும் நெளிந்த அடைப்புக்குறியில் தொடங்கும், அதன் எண் 123. 171 உடன் எக்ஸ்-ஆர் செய்தால் 208. அடுத்தது மேற்கோள்குறி, 34. 208 உடன் எக்ஸ்-ஆர் செய்தால் 242. அதனால் போகிற பாக்கெட், வருகிற பாக்கெட் எல்லாமே 208, 242 என்றுதான் ஆரம்பிக்கும். இணைப்பு போட்டுப் பேசும் டிசிபியில் மட்டும் அதற்கு முன்னால் நீளம் சொல்ல 4 பைட் ஒட்டிக்கொள்ளும். லேப்டாப்பிலிருந்து 208, 242 போய் பதில் வரவில்லையென்றால் நெட்வொர்க்கைப் பாருங்கள். போகவே இல்லையென்றால் உங்கள் பக்கத்தைப் பாருங்கள்.

சுழல்நிரல்

மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன், இரண்டிலும் நானே விழுந்து எழுந்தவன்.

இஸ்_ஆன் சாதனத்திடம் போய்க் கேட்பதில்லை. கடைசியாக அப்டேட் செய்தபோது வந்த நிலை நினைவில் இருக்கும், அதைத்தான் காட்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அவெய்ட் போட்டு (முடியும்வரை காத்திருந்து) அப்டேட், அப்புறம்தான் இஸ்_ஆன். டர்ன்_ஆன் கொடுத்த பிறகும் அதே கதைதான், இன்னொரு அப்டேட் செய்யாமல் படித்தால் பழைய மதிப்பு வரும். நான் இதை நம்பி ஒரு டேபிள் லைட்டை ராத்திரி முழுக்க ‘அணைந்துவிட்டது’ என்று லாக்கில் எழுதிக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

லூப் நிற்பது, நீங்கள் ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையாக அவெய்ட் செய்வதால். ஆறு அப்டேட்டையும் பைத்தானின் அசிங்க்ஐஓ கேதருக்குள் ஒன்றாகப் போடுங்கள், ஒவ்வொன்றையும் வெயிட்_ஃபார் வைத்து 3 நொடிக்கு மேல் காத்திருக்காதபடி கட்டுங்கள். ரிட்டர்ன்_எக்செப்ஷன்ஸ் ட்ரூ என்று கொடுக்க மறக்காதீர்கள், அப்போதுதான் பிடுங்கிய பிளக்கின் எர்ரர் ஒரு மதிப்பாக வந்து விழும், மற்ற ஐந்தும் ஒழுங்காக வரும். பைத்தான் 3.11-இல் வந்த டாஸ்க்குரூப் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த இடத்துக்கு ஆகாது; ஒரு டாஸ்க் விழுந்தால் கூட இருக்கும் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

இன்னொன்று, வைல் லூப்புக்குள் சுற்றுக்குச் சுற்று அசிங்க்ஐஓ ரன் கூப்பிடுகிறீர்களா? ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு புது ஈவென்ட் லூப் (இந்த வேலைகளை ஓட்டும் சுழற்சி) பிறக்கும், பழையது மூடிவிடும், உங்கள் ஆப்ஜெக்ட் பிடித்து வைத்திருக்கிற இணைப்போ பழைய லூப்பில் கிடக்கும். ரன் வெளியே ஒரு தடவைதான், வைல் அதற்கு உள்ளே.

அரைத்தூக்கம்

அய்யோ, ஆமாம், ரன்னை உள்ளேதான் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். காலைப் பூஜ்யம் விபிஎன்தான், அதை நிறுத்திய நொடியே ஆறும் வந்தது. ஐபி கட்டியாகிவிட்டது, கேதர் போட்டாகிவிட்டது, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், லூப் கண்டுகொள்ளவே இல்லை. எழுதி வைத்த ஐபிக்கு விபிஎன் ஓடும்போதும் போகிறது. வயர்ஷார்க்கில் 208, 242 பார்த்தபோது ஒரு தனி சந்தோஷம்.

மிச்சம் ஒரு பல்பு. டிஸ்கவரில் வருகிறது, ஆனால் அப்டேட் என்றால் ஆதென்டிகேஷன் எர்ரர். முதல் ஸ்கிரிப்டில் எர்ரரை எல்லாம் விழுங்கிவிடும்படி எழுதியிருந்ததால் இதைக் கவனிக்கவே இல்லை.

கம்பிவடம்

அது புதுத் தலைமுறை. 9999-க்கு மசியாது. டிஸ்கவருக்கு யூடிபி 20002, பேச்சுக்கு ஹெச்டிடிபி மேல் கிளாப் என்ற நெறிமுறை. முதலில் இரு பக்கமும் கைகுலுக்கிச் சாவியை உண்டாக்கும், அப்புறம் ஏஇஎஸ் குறியாக்கம். ஆப்பில் அந்தச் சாதனத்தைச் சேர்த்தபோது கொடுத்த மின்னஞ்சல், கடவுச்சொல் இரண்டையும் டிஸ்கவருக்குக் கொடுக்க வேண்டும். இணையத்துக்குப் போய்ச் சரிபார்ப்பதில்லை, அவற்றிலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்ற குறியீட்டை வைத்துப் பல்பே முடிவு செய்யும். மின்னஞ்சலில் எழுத்து பெரியதா சிறியதா என்பதுகூட முக்கியம், ஆப்பில் இருப்பதை அப்படியே எடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் எழுதி கிட் களஞ்சியத்தில் தள்ளிவிடாதீர்கள், என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள்.

சுழல்நிரல்

அந்தப் பல்பாவது கடவுச்சொல் கேட்கிறது. மற்ற ஐந்தும் 171 தெரிந்த யார் சொன்னாலும் எரியும், அணையும். வீட்டு வைஃபையில் வருகிறவர் போகிறவர் எல்லாம் இருந்தால் இவற்றைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்குங்கள்.

அரைத்தூக்கம்

ஒதுக்கினால் டிஸ்கவர் அங்கே போகாதே?

கம்பிவடம்

போகாது, பிராட்காஸ்ட் ரௌட்டரைத் தாண்டாது. ஆனால் நீங்கள்தான் ஐபி எழுதி வைத்துவிட்டீர்களே. லேப்டாப்பிலிருந்து அந்தப் பக்கம் 9999-க்கும் பல்புக்கு 80, 20002-க்கும் ரௌட்டரில் ஒரு விதி திறந்தால் போதும், நேர் ஐபிக்குப் போகிற பாக்கெட் தாராளமாகத் தாண்டும். கெஸ்ட் வைஃபையில் மட்டும் போடாதீர்கள், பெரும்பாலான ரௌட்டர் அதற்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே சுவரே எழுப்பிவிடும், விதி எழுத இடமே தராது.

அரைத்தூக்கம்

நேற்றே கெஸ்ட்டில் போட்டுவிட்டு ஒரு மணி நேரமாக முழித்துக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றுகிறேன்.